மார்கழி மேடைல எங்க ஊரு பானை

போன வியாழக்கிழமை மதியம் ஆபீஸ்ல அரை நாள் லீவு சொல்லிட்டு மயிலாப்பூர்ல ஒரு சபாவுக்குப் போயிருந்தேன். டிக்கெட் இல்லாத கச்சேரி, ரெண்டு மணி ஸ்லாட். உள்ள மொத்தம் முப்பது பேர் இருந்திருப்பாங்க, அதுல பாதிப்பேர் பாடுற பொண்ணோட சொந்தக்காரங்க மாதிரி தெரிஞ்சுது, மிச்சப் பேர் வழக்கமா மதியக் கச்சேரிக்கு வர்ற பெரியவங்க, கைல ஒரு மஞ்சப்பை, அதுக்குள்ள ஒரு சால்வை, ஒரு தண்ணி பாட்டில், சீசன் ஷெட்யூல் போட்ட ஒரு புக்கு. நான் ரெண்டாவது வரிசைல ஓரமா உக்காந்தேன். நான் அந்தப் பக்கம் உக்காந்ததுக்குக் காரணம் உண்டு, அங்கருந்து பாத்தாத்தான் கடம், அதான் தாளத்துக்கு விரலால வாசிக்கிற மண்பானை, அத வாசிக்கிறவரோட கை தெரியும்.

எனக்கு ஊரு மானாமதுரை. இது தெரிஞ்சவங்களுக்கு மேல எதுவும் சொல்ல வேண்டாம், தெரியாதவங்களுக்குச் சொல்றேன், ராமேஸ்வரம் ரயில் எங்க ஊர் வழியாத்தான் போகும், வைகை ஓடுற ஊரு, மண்பாண்டத்துக்குப் பேர் போன ஊரு, 2023ல எங்க ஊர் மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சுது. கர்நாடக சங்கீத மேடைல நீங்க பாக்குற கடத்துல நிறைய எங்க ஊர்ல செஞ்சதுதான். எங்க வீடு பானை செய்யற வேளார் வீடுக இருக்குற தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி. ஸ்கூல்ல என்கூடப் படிச்சவ ஒருத்தி வீட்ல இதுதான் தொழில், அவங்க அம்மாவ நான் பெரியம்மான்னுதான் கூப்பிடுவேன், சாயந்திரம் ஹோம்வொர்க் நோட்டோட அங்க போனா அந்தத் தட்டுற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும், அது நின்னாதான் என்னமோ ஆச்சுன்னு தோணும்.

தட்டுறதுதான் கடத்தோட உசுரு. சாதாரணப் பானைன்னா சக்கரத்துல ஏத்தி, எடுத்து, அடிப்பக்கம் தட்டி அடைச்சு, காயவச்சு சூளைல வச்சாப் போதும். கடம் அப்படி இல்ல. சுத்துப்பட்டுக் கண்மாய் மண்ணை எடுத்துட்டு வந்து, காயவச்சு, நொறுக்கி, ஊறவச்சு, வைகை மணலைச் சலிச்சுக் கலந்து, கால்ல போட்டு மிதி மிதின்னு மிதிக்கணும். சக்கரத்துல தடிமனா எடுத்துட்டு, அப்பறம் உள்ள ஒரு கைல கல்லு, வெளிய ஒரு கைல பலகை, சுத்திச் சுத்தித் தட்டிக்கிட்டே இருக்கணும். ஒரு நாள் ரெண்டு நாள் வேலை இல்ல, ஆயிரக்கணக்குல அடி விழும், காயக் காயத் தட்டணும், ஒரு பக்கம் தடிமன் கூடி ஒரு பக்கம் குறைஞ்சா நாதம் வராது. பெரியம்மா கண்ண மூடிக்கிட்டுத்தான் தட்டுவாங்க, கேட்டா "கண்ணுக்கு என்னத்த தெரியும், கை சொல்லும்ல" அப்படிம்பாங்க. நிழல்லயே காயவைக்கணும், காவி பூசி சூளைல வேகவைக்கணும். வச்சதுல சிலது வெடிக்கும், வெடிக்காம வந்ததுலயும் சிலது பேசாது. பேசாதுன்னுதான் சொல்லுவாங்க அந்த வீட்டுல, நாதம் சரியில்லன்னு சொல்ல மாட்டாங்க.

அப்பறம் வித்வான்க வருவாங்க, சுருதிப் பெட்டியோட. ஒவ்வொரு பானையா விரல்ல தட்டிப் பாப்பாங்க. மிருதங்கத்தை ஓரளவு ஏத்தி இறக்கிக்கலாம், கடத்தை அப்படிப் பண்ண முடியாது, அது வெந்து வந்த சுருதி எதுவோ அதுதான் அதோட சுருதி. பாடுறவங்க சுருதி ஒரு கட்டைன்னா ஒரு பானை, அஞ்சரை கட்டைன்னா வேற பானை. அதனாலதான் சீசன் நேரத்துல ஒரே நாள்ல ரெண்டு கச்சேரி வாசிக்கிற கடம் பையங்க ஆட்டோல ரெண்டு பானையோட போவாங்க, ஒவ்வொண்ணும் ஏழெட்டு கிலோ வரும் எங்க ஊர் பானைன்னா.

சென்னைக்கு வேலைக்கு வந்த முதல் வருஷம் எனக்கு மார்கழி சீசன்னா என்னன்னே தெரியாது. ராயப்பேட்டைல ஹாஸ்டல், டிசம்பர் 15 தாண்டுனதும் டிடிகே ரோட்ல ஒரே கார் கூட்டம், பட்டுப்புடவையா போறாங்க வர்றாங்க, கல்யாண மண்டபம் எதுவும் இருக்கான்னு ரூம்மேட்ட கேட்டேன். அவதான் மியூசிக் அகாடமின்னு சொன்னா. அப்பறம் கொஞ்சம் கொஞ்சமாத் தெரிஞ்சுக்கிட்டேன். 1927 டிசம்பர்ல இங்க காங்கிரஸ் மாநாடு நடந்தப்ப அதோட சேத்து ஒரு அகில இந்திய இசை மாநாடும் நடத்தியிருக்காங்க, அதுல இருந்து பொறந்ததுதான் 1928ல ஆரம்பிச்ச அகாடமி, அதோட வருஷாந்திர மாநாடு டிசம்பருக்கு வந்ததும் மத்த சபாக்களும் அதே மாசத்துல சேர்ந்துக்கிச்சு. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா அதுக்கும் முந்தி, 1900ல இருந்தே இருக்கு. தமிழ்ப் பாட்ட கச்சேரியோட கடைசில சின்ன உருப்படியா, துக்கடாவா மட்டும் வைக்கிறீங்களேன்னு கேட்டு 1943ல அண்ணாமலை செட்டியார் முன்ன நின்னு ஆரம்பிச்ச தமிழ் இசைச் சங்கம் சென்னை பாரிஸ் கார்னர் பக்கம் அவங்க விழாவை இன்னைக்கும் இதே டிசம்பர்லதான் நடத்துது. தி.நகர், மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, நாரத கான சபா, கிருஷ்ண கான சபா, வாணி மகால்னு ஊர் முழுக்க காலைல இருந்து ராத்திரி வரைக்கும் யாராவது பாடிக்கிட்டோ ஆடிக்கிட்டோ இருக்காங்க. 2017ல யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரம்னு பட்டியல்ல சேர்த்தது இதையெல்லாம் பாத்துத்தான்.

வெளிநாட்டுக்காரங்க வர்றதும் இன்னைக்கு நேத்து கதை இல்ல. பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி அம்மாவோட தம்பி ரங்கநாதன் 1960கள்லயே அமெரிக்காவுல வெஸ்லியன் பல்கலைக்கழகத்துல மிருதங்கம் சொல்லிக்குடுத்திருக்காரு. அங்க கத்துக்கிட்ட ஜான் ஹிக்கின்ஸ் 1965ல திருவையாறு ஆராதனைல பாடுனாரு, ஹிக்கின்ஸ் பாகவதர்னே பேராயிருச்சு. அமெரிக்காவுல கிளீவ்லாண்ட்ல 1978ல இருந்து தியாகராஜ ஆராதனை நடக்குது, அங்க பாடுற புள்ளைங்க டிசம்பர்ல லீவு போட்டு இங்க வந்து மதிய ஸ்லாட்ல பாடுதுங்க. வியாழக்கிழமை எனக்கு முன்னாடி வரிசைல ஒரு ஜப்பான் அம்மா உக்காந்திருந்தாங்க, தாளம் போட்டாங்க பாருங்க, ரெண்டு களை ஆதி தாளம், ஒரு இடத்துல கூட விரல் தப்பல.

சரி கச்சேரிக்கு வரேன். பாடுன பொண்ணுக்கு இருபத்தி ரெண்டு வயசு இருக்கும். வர்ணம், ஒரு பிள்ளையார் பாட்டு, அப்பறம் கீரவாணி எடுத்துச்சு. ராகம் நல்லா விஸ்தாரமா பாடிச்சு, வயலின் வாசிச்ச பையன் அதுல ஒரு சின்ன இழைய எடுத்து மேல கொண்டு போனான், அப்பறம் பாட்டு, நிரவல், சுரம், இப்படி அம்பது நிமிஷம் போயிருக்கும். சுரம் முடிஞ்சு அந்தப் பொண்ணு மிருதங்கக்காரரப் பாத்து லேசா தலைய ஆட்டிச்சு. தனி ஆவர்த்தனம், அதாவது பாட்டு நின்னு தாள வாத்தியக்காரங்க மட்டும் வாசிக்கிற நேரம்.

உடனே ஒன்பது பேர் எந்திரிச்சாங்க. நான் எண்ணுனேன். முப்பதுல ஒன்பது. சேர் மடங்குற சத்தம் டப்பு டப்புன்னு, செருப்புச் சத்தம், கதவு திறக்குற வெளிச்சம், வெளிய கேன்டீன்ல இருந்து வடை வாசனை. மேடைல மிருதங்கக்காரர் முதல் சொல்லு வாசிக்க கைய வச்சிருக்காரு. ஒரு மணி நேரத்துக்கு மேல அடுத்தவங்களுக்காக வாசிச்ச ரெண்டு பேருக்கு, அவங்களுக்குன்னு கிடைக்கிறது இந்தப் பத்து நிமிஷம், பதினஞ்சு நிமிஷம்தான், அந்த நேரம் பாத்துத்தான் ஹாலே எந்திரிக்குது. இத எழுதணும்னு நாலஞ்சு வருஷமா நெனச்சுக்கிட்டே இருக்கேன், வியாழக்கிழமை அந்த ஒன்பது பேர் எந்திரிச்சதும்தான் இந்தத் தடவை எழுதியே ஆகணும்னு முடிவு பண்ணேன்.

வயசானவங்க பாத்ரூம் போகணும், சுகர் இருக்கு, அது வேற, அவங்கள நான் ஒண்ணும் சொல்லல. ஆனா நிறைய பேர் சொல்ற காரணம் "கணக்கு புரியல" அப்படிங்கறது. எனக்கும் முதல்ல புரியாதுதாங்க. ஒரு கச்சேரில பக்கத்துல இருந்த தாத்தா ஒருத்தர் என் முழங்கை பக்கத்துல அவர் தொடைல தாளம் போட்டுக் காமிச்சாரு, "நீ ஒண்ணும் பண்ண வேண்டாம்மா, எட்டு எண்ணிக்கோ, அது எங்க போனாலும் ஒண்ணுக்கு வந்துரும், நீ ஒண்ணுல நின்னுக்கோ" அப்படின்னாரு. அவ்வளவுதான். அன்னைக்கு இருந்து எனக்குத் தனின்னா ரயில்வே ஸ்டேஷன்ல யாரையோ கூப்பிட நிக்கிற மாதிரி, எங்கெங்கயோ சுத்திட்டு கடைசில வந்து இறங்குவாங்க, அந்த இறங்குற நேரத்துல ஒரு சந்தோஷம் வரும் பாருங்க.

வியாழக்கிழமை மிருதங்கம் முதல்ல ஒரு சுத்து வாசிச்சுட்டு நிறுத்துனதும் கடத்துப் பையன் எடுத்தான். காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கிற வயசு. பானையோட வாய வயித்தோட சேர்த்து வச்சிருந்தான், வயித்தை ஒட்டி ஒட்டி எடுக்கறப்ப அந்த கும்கி மாதிரி அடிச் சத்தம் ஒண்ணு எழும்புச்சு, அப்பறம் விரல் கழுத்துக்குப் போச்சு, அங்க நகத்தால தட்டுனா உலோகத்தைத் தட்டுற மாதிரி ணிங் ணிங்னு வரும். சென்னைப் பக்கம் செய்யற கடம் லேசா இருக்கும், கைக்கு வாட்டமா இருக்கும்னு சொல்லுவாங்க, அது வேற ஒரு இனிமை. எங்க ஊர் பானை கனம், கையில வலு இல்லாதவங்களுக்குப் பேசவே பேசாது, பேசிருச்சுன்னா ஹாலோட கடைசிச் சுவர் வரைக்கும் போகும். ரெண்டாவது தட்டுலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு இது எங்க மண்ணுன்னு. உடம்பு சிலிர்த்துருச்சு. எங்கெங்கயோ கண்மாய்ல கிடந்த மண்ணு, மிதிபட்டு, அடிபட்டு, வெந்து, இங்க ஒரு பட்டுத் துணில உக்காந்து கீரவாணிக்குப் பின்னாடி பேசுது.

ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வாசிச்சு, மூணு மூணா எண்ணுற திஸ்ர நடைக்குப் போயி, அப்பறம் குறைப்பு. இவர் ரெண்டு ஆவர்த்தனம் (தாளத்தோட ரெண்டு சுத்து) வாசிச்சா அவன் ரெண்டு, இவர் ஒண்ணு அவன் ஒண்ணு, பாதி, கால்னு சின்னதாகிட்டே வரும், கடைசில ரெண்டு கையும் ஒரே கை மாதிரி ஆகி ஒண்ணா சேரும், முடிக்கிற சொற்கட்டா மோரா, கோர்வை மூணு தடவை, பொண்ணு பாட்டோட அடிய எடுத்துச்சு. ஜப்பான் அம்மா கை தட்டுனாங்க, நான் தட்டுனேன், மஞ்சப்பை தாத்தா ஒருத்தர் "பேஷ்"னு சொன்னாரு. எந்திரிச்சுப் போன ஒன்பது பேர்ல நாலு பேர் அப்பத்தான் திரும்பி வந்தாங்க.

தப்பு கேக்குறவங்களோடது மட்டும் இல்ல. ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு சபால (பேர் வேண்டாம்) கச்சேரி நடுவுல மேடை ஏறிப் பொன்னாடை, பாராட்டுரை, நன்றியுரைன்னு இருபத்தஞ்சு நிமிஷம் எடுத்துக்கிட்டாங்க, அப்பறம் அடுத்த கச்சேரிக்கு நேரமாச்சுன்னு ஓரத்துல இருந்து கைய காட்டுறாங்க, பாடுனவரு என்ன பண்ணுவாரு, தனிய மூணு நிமிஷத்துல முடிக்கச் சொல்லி சைகை பண்ணாரு. கடம் வாசிச்சவருக்கு மொத்தமா ஒரு நிமிஷம் கிடைச்சிருக்கும். அவர் முகத்தை நான் பாத்தேன், சிரிச்சுக்கிட்டேதான் வாசிச்சாரு. பானைய பைக்குள்ள வைக்கிறப்ப மட்டும் ரொம்ப நேரம் குனிஞ்சே இருந்தாரு. இன்னொரு இடத்துல கடத்துக்கு வச்ச மைக் கடைசி வரைக்கும் வேலை செய்யல, யாரும் கண்டுக்கவும் இல்ல. மைக்கே வேண்டாம்னு சொன்ன மிருதங்க வித்வான் பாலக்காடு மணி அய்யர் மாதிரி ஆளுங்க இருந்த ஊருதான் இது, ஆனா அதுக்கு ஹாலும் அமைதியா இருக்கணும், பாடுறவங்களும் மைக் இல்லாம பாடணும், ஒருத்தருக்கு மட்டும் மைக் செத்துப் போனா அது நியாயம் இல்ல.

அந்த மணி அய்யருக்குத்தான் 1966ல மியூசிக் அகாடமியோட பெரிய விருதான சங்கீத கலாநிதி குடுத்தாங்க, மிருதங்கக்காரர் ஒருத்தருக்கு அதுதான் முதல் தடவை. எத்தனை வருஷம் ஆகியிருக்கு பாருங்க. பக்கவாத்தியம்ங்கற வார்த்தைலயே அவங்கள ஒரு பக்கமா உக்கார வச்சிட்டோம். அந்த வாத்தியத்தைச் செய்யறவங்க அதுக்கும் பின்னாடி. மிருதங்கத்துக்குக் கட்டை பலா, தோலு மாடு, ஆடு, எருமை மூணும் வேணும், அத பதம் பாத்து மூட்டுறவங்க பெரும்பாலும் தஞ்சாவூர்ல வேர் இருக்குற தலித் கிறிஸ்தவக் குடும்பங்க. மிருதங்கத்தோட வலந்தலைல, அதான் வலது பக்கத்துல, கருப்பா வட்டமா இருக்குல்ல, அத மாவு மாதிரி அரைச்ச கல்லுப்பொடியையும் சோத்தையும் பிசைஞ்சு, தடவித் தேய்ச்சு, தடவித் தேய்ச்சு ஏத்தணும், அவங்க காது இல்லன்னா எந்த வித்வானுக்கும் நாதம் இல்ல. அவங்க எத்தனை பேர் சீசன்ல முன் வரிசைல உக்காந்து கேக்குறாங்க? எங்க பெரியம்மா ஒரு கச்சேரி கூட நேர்ல கேட்டது இல்ல. இத எழுதும்போதே தொண்டை அடைக்குது.

டான்ஸ் பத்தியும் ஒரு வார்த்தை. ஜனவரி 3 ஆச்சுன்னா அகாடமில டான்ஸ் ஃபெஸ்டிவல், ஒரு வாரம். இன்னைக்கு இவ்வளவு மரியாதையா நடக்குற இந்த ஆட்டம், 1931ல அதே அகாடமி மேடைல தேவதாசிப் பரம்பரைல வந்த கல்யாணி அம்மாளோட ரெண்டு பொண்ணுங்க ஆடுனப்ப ஊரே ரெண்டு பட்டு நின்ன விஷயமா இருந்துச்சு. அதே தேவதாசிப் பரம்பரைல வந்த பாலசரஸ்வதி அம்மாவுக்கு 1973ல அகாடமி சங்கீத கலாநிதி குடுத்துச்சு. டான்ஸ் கச்சேரிக்குப் போனா நான் கண்ணை ஆடுறவங்க மேல வச்சிருந்தாலும் காத நட்டுவாங்கத்துல வச்சிருப்பேன், அந்தக் கைத்தாளம் ரெண்டுல ஒண்ணு இரும்பு, ஒண்ணு வெண்கலம், ரெண்டும் உரசுற அந்தச் சத்தத்துலதான் காலே விழுது. அங்கயும் அவங்க மேடையோட ஓரத்துல, பாதி இருட்டுல.

கடத்தை மேடையோட நடுவுக்குக் கொண்டு வந்தவங்களும் இருக்காங்க, அதையும் சொல்லணும். விக்கு விநாயக்ராம் 1970கள்ல சக்திங்கற இசைக்குழுவுல ஜான் மெக்லாலின், ஜாகிர் உசேன், எல். சங்கர் இவங்களோட உலகம் பூரா வாசிச்சாரு, கிராமி வாங்குன பிளானட் டிரம் ஆல்பத்துலயும் அவரு இருக்காரு. அவர் மகன் செல்வகணேஷ் இருந்த அதே சக்தி 2024ல கிராமி வாங்குச்சு. விக்கு சாரோட சிஷ்யை சுகன்யா ராம்கோபால், கடத்துல முதல் பெண் கலைஞர்னு சொல்லுவாங்க, வேற வேற சுருதிப் பானைங்கள வரிசையா வச்சு கட தரங்னு ராகமே வாசிப்பாங்க. அத முதல் தடவை கேட்டப்ப எனக்குப் பெரியம்மா வீட்டு முற்றத்துல காயவச்ச பானைங்கதான் ஞாபகம் வந்துச்சு.

வியாழக்கிழமை கச்சேரி முடிஞ்சு வெளிய வந்தப்ப அந்தப் பையன் கேட் பக்கத்துல ஆட்டோவுக்கு நின்னுக்கிட்டு இருந்தான், ஒரு தோள்ல பானைப் பை, இன்னொரு தோள்ல காலேஜ் பேக். நான் போயி "தம்பி, ரொம்ப நல்லா வாசிச்சீங்க"ன்னேன். "தேங்க்ஸ்க்கா"ன்னான், அப்பறம் "நீங்க உக்காந்தே இருந்தீங்க, பாத்தேன்க்கா" அப்படின்னான். அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. "மானாமதுரைப் பானை தானே"ன்னு கேட்டேன், கண்ணு விரிஞ்சுது அவனுக்கு, "எப்படிக்கா தெரியும்?" ஊர் பேரைச் சொன்னேன். உடனே பைய கீழ வச்சு, ஜிப்ப திறந்து, துண்டை விலக்கிக் காமிச்சான். அடிப்பக்கம் காவிக்குக் கீழ பலகை பட்ட தழும்பு வரிசை வரிசையா, மீன் செதில் மாதிரி. தொட்டுப் பாக்கவான்னு கேட்டுத் தொட்டேன், இன்னும் வாசிச்ச சூடு இருந்துச்சு.

ராத்திரி பெரியம்மாவுக்கு வாட்ஸ்அப்ல அந்தத் தனிய அனுப்புனேன், போன்ல எடுத்ததுதான், மூணு நிமிஷம். பத்து நிமிஷம் கழிச்சு ஃபோன் வந்துச்சு. பையன் வாசிச்சதப் பத்தி ஒண்ணும் சொல்லல. "நல்லா வெந்திருக்குடி அது" அப்படின்னாங்க. அப்பறம், "கழுத்துப் பக்கம் கொஞ்சம் கூடத் தட்டியிருக்கலாம்." இன்னொரு தடவை போடுன்னாங்க, போட்டேன், ரெண்டு பேரும் பேசாம கேட்டோம்.

இந்த ஞாயித்துக்கிழமை அதே பையனுக்கு தி.நகர்ல மதியம் பன்னெண்டே முக்காலுக்குக் கச்சேரி, டிக்கெட் கிடையாது. பொங்கலுக்கு ஊருக்குப் போறப்ப பெரியம்மாவ அடுத்த சீசனுக்கு ஒரு வாரம் இங்க கூட்டிட்டு வர்றதப் பத்திப் பேசணும், முழங்கால் வலியோட ராத்திரி ரயில்ல வரணும், லோயர் பெர்த்தா கிடைக்கணும், புக்கிங் திறந்த அன்னைக்கே போட்டுரணும்.